ஹ்வாங்கே காட்டு வண்ண நாய்கள்

ஆப்பிரிக்கா என்றதும் நம் மனக்கண் முன் வந்து நிற்பவை எவை? பிடரி சிலிர்க்கும் சிங்கம், தந்தம் ஏந்திய யானை, பனை உயரத்துக்குக் கழுத்தை நீட்டும் ஒட்டகச்சிவிங்கி. நாயைப் பார்ப்பதற்காக ஒருவர் ஆப்பிரிக்கா போகிறார் என்றால் நாம் சிரிப்போம். “நாயா? அதுதான் நம் லயத்து வாசலிலேயே நாலு படுத்துக் கிடக்கிறதே!” என்போம்.

ஆனால், அன்பார்ந்த வாசகர்களே, உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஒரு நாயைப் பார்ப்பதற்கென்றே மக்கள் போகிற ஊர் ஒன்று உண்டு. சிம்பாப்வே நாட்டில் இருக்கும் தேத்தே என்னும் சிற்றூர்தான் அது. இந்த வாரம் அங்கே ஒரு நடை போய் வருவோமா?

வெள்ளி அருவியிலிருந்து கரிச் சுரங்கம் வரை

சிம்பாப்வே தென்னாப்பிரிக்காவுக்கு வடக்கே இருக்கிற நாடு. 1980-ஆம் ஆண்டு விடுதலை பெற்றது. அதற்கு முன் வெள்ளையர் ஆட்சியில் ரொடீஷியா என்பது அதன் பெயர். அதன் வடமேற்கு எல்லையில்தான் விக்டோரியா நீர்வீழ்ச்சி இருக்கிறது. ஒரு மைல் அகலத்துக்கு மேல் விரிந்து, 108 மீட்டர் ஆழத்தில் போய் விழுகிறது சாம்பசி ஆறு. உள்ளூர் மக்கள் அந்த அருவியை ‘இடி முழங்கும் புகை’ என்று தங்கள் மொழியில் சொல்கிறார்கள். வெகு தூரத்திலிருந்தே நீர்த்துளிகள் புகைபோல் எழுவது தெரியும்.

அருவியிலிருந்து புலவாயோ நகருக்கு ஏறக்குறைய 440 கிலோமீட்டர் நீளமுள்ள நெடுஞ்சாலை போகிறது. அதில் பாதி தூரம் போவதற்கு முன்பே ஹ்வாங்கே என்னும் ஊர் வந்துவிடும். அது நிலக்கரிச் சுரங்க ஊர். 1972-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 6-ஆம் நாள் அந்தச் சுரங்கத்தில் ஏற்பட்ட வெடிப்பில் 427 பேர் மாண்டு போனார்கள். நம்மைப் போலவே விடியலில் எழுந்து வேலைக்குப் போகிறவர்களின் பூமி அது என்பதை அந்த எண்ணிக்கையே சொல்லும்.

அந்த ஊரின் பெயரைத் தாங்கி நிற்பதுதான் ஹ்வாங்கே தேசியப் பூங்கா. பரப்பு 14,600 சதுர கிலோமீட்டருக்கும் கூடுதல். நம் சிலாங்கூர் மாநிலத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு! நம் காடுகளைப் போல ஈரம் சொட்டும் பச்சைக் காடு என்று நினைத்துவிடாதீர்கள். கலஹாரிப் பாலைவனத்து மணல் இங்கேயும் பரந்து கிடக்கிறது. புல்வெளியும் முட்புதரும் ஆப்பிரிக்கத் தேக்கு மரங்களும் மாறி மாறி வரும். பூங்காவின் பெரும் பகுதியில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. கோடைக்காலத்தில் ஆழ்குழாய்க் கிணறுகளிலிருந்து நீரை இறைத்துக் குட்டைகளை நிரப்பினால்தான் யானைக் கூட்டமும் மான் கூட்டமும் உயிர் பிழைக்கும்.

பூங்காவின் ஓரத்தில் இருப்பது தேத்தே. புலவாயோ பக்கமிருந்து வரும் இருப்புப்பாதை, இந்த ஊரை வந்தடையும் முன் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஒரு வளைவுகூட இல்லாமல் நேர்க்கோடாய் ஓடி வருகிறது. உலகத்தின் மிக நீண்ட நேர்ப்பாதைகளில் அதுவும் ஒன்று. இந்த ஊருக்கும் காட்டுக்கும் இடையில்தான் நாம் பார்க்க வந்த நாய்கள் நடமாடுகின்றன.

ஒன்றைப் போல் ஒன்று இல்லை

கறுப்பு, மஞ்சள், வெள்ளை, காவி என்று நாலு சாயத்தையும் ஒரு வாளியில் ஊற்றி நாயின் மேல் வீசியடித்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கிறது இந்த நாய். மனிதர்களின் கைரேகையைப் போல ஒன்றின் புள்ளிகள் இன்னொன்றுக்கு இருப்பதில்லை. வௌவாலின் காதைப் போல வட்டமான பெரிய காதுகள். மெலிந்த உடல், நீண்ட கால்கள். நம் வீட்டு நாய்க்கு முன்னங்காலில் ஐந்து விரல் உண்டு. இதற்கு நான்குதான்.

வீட்டை விட்டு ஓடிக் காட்டில் திரியும் நாய் என்று இதை எண்ணுவது தவறு. இது தனி இனம். வீட்டு நாயோடு சேர்ந்து குட்டி போடவும் முடியாது. ‘லைக்கேயான் பிக்டஸ்’ என்பது விஞ்ஞானிகள் வைத்த பெயர். வண்ணம் தீட்டிய ஓநாய் என்று பொருள் கொள்ளலாம். அந்த வட்டாரத்து இண்டெபெலே மக்கள் இதை ‘இகன்யானா’ என்கிறார்கள்.

காட்டுக்குள் ஓர் ஆயாக் கொட்டகை

இதன் குடும்ப வாழ்க்கையைக் கேட்டால் நமக்கு நம் தோட்டத்து வாழ்க்கையே நினைவுக்கு வரும்.

பத்து, பதினைந்து நாய்கள் ஒரு கூட்டமாக வாழும். கூட்டத்துக்கு ஒரு தலைவன், ஒரு தலைவி. பெரும்பாலும் அந்தத் தலைவி மட்டுமே குட்டி போடும். ஓர் ஈற்றில் பத்துக் குட்டிகள் பிறப்பது சாதாரணம். வேறு பிராணிகள் தோண்டிவிட்டுப் போன பழைய வளைதான் பிரசவ வீடு. மற்ற நாய்கள் அத்தனையும் அந்தக் குட்டிகளுக்குச் சிற்றப்பன், பெரியப்பன், சித்தி, அத்தை!

விடிந்ததும் கூட்டம் வேட்டைக்குக் கிளம்பும். ஆனால் எல்லாமே போய்விடுவதில்லை. ஒன்றோ இரண்டோ குட்டிகளுக்குக் காவலாகப் பின்தங்கும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஆயாக் கொட்டகை நினைவிருக்குமே! தாய்மார்கள் பால் வெட்டப் போனதும், தொட்டில் ஆட்டிக் கொண்டு ஓர் ஆயா உட்கார்ந்திருப்பாரே, அதே ஏற்பாடுதான். வேட்டைக்குப் போனவை மானை அடித்து வயிறு நிறையத் தின்றுவிட்டு வளைக்குத் திரும்பும். குட்டிகள் ஓடி வந்து வாயை முட்டும். உடனே தின்ற இறைச்சியைக் கக்கிக் குட்டிகளுக்குக் கொடுக்கும். காவலுக்கு இருந்த ஆயாவுக்கும் பங்கு உண்டு. கால் ஒடிந்து வேட்டைக்கு வர முடியாமல் கிடக்கும் நாய்க்கும் பங்கு உண்டு.

குட்டிகள் வளர்ந்து வேட்டைக்கு உடன் வரத் தொடங்கியதும் இன்னொரு வழக்கத்தைப் பார்க்கலாம். சிங்கக் கூட்டத்தில் பலசாலி முதலில் தின்னும். இங்கே குட்டிகள் முதலில் தின்னும். பெரியவை சுற்றி நின்று காவல் காக்கும்.

கிளம்புவதா வேண்டாமா என்பதைக்கூட இவை கூடித்தான் முடிவு செய்கின்றன. நம் பெரட்டைப் போல எல்லாம் ஓரிடத்தில் கூடும். பிறகு ஒவ்வொன்றாகத் தும்மும்! பக்கத்து நாடான போட்ஸ்வானாவில் செய்த ஓர் ஆய்வு 2017-இல் வெளியானது. தும்மல் கூடினால் கூட்டம் கிளம்புகிறது, குறைந்தால் மறுபடி படுத்துவிடுகிறது என்று அதில் கண்டார்கள். தலைவன் எழுப்பினால் மூன்று தும்மல் போதுமாம். சாதாரண நாய் எழுப்பினால் பத்துத் தும்மலாவது வேண்டுமாம்!

கெட்ட பெயர்

இப்படிப்பட்ட பிராணியை மனிதன் எப்படி நடத்தினான்?

‘கொடூரமான காட்டு நாய்’ என்று பெயர் வைத்தான். சிங்கம் மானின் கழுத்தை நெரித்துக் கொல்கிறது. இந்த நாய்களோ கூட்டமாகப் பாய்ந்து நிமிடங்களில் கிழித்துத் தின்கின்றன. பார்க்க அருவருப்பாக இருந்தது. அதனால் சிங்கம் ராஜாவாகிவிட்டது, நாய் திருடனாகிவிட்டது. மாட்டுப் பண்ணைக்காரர்கள் காணாமற்போன கன்றுகளை எல்லாம் இதன் கணக்கில் எழுதினார்கள். பிற்காலத்தில் சிம்பாப்வேயின் மாட்டுப் பண்ணை வட்டாரம் ஒன்றில் ஆராய்ந்து பார்த்தபோது, பண்ணைக்காரர்கள் சொன்ன கணக்கைவிட உண்மைக் கணக்கு மிகக் குறைவாக இருந்தது. மனிதனை வேட்டையாடும் வழக்கமும் இந்த நாய்க்கு இல்லை.

ஆனாலும் அழிக்க வேண்டிய பீடை என்று அரசாங்கமே பட்டியல் போட்டுச் சுட்டது. ரொடீஷியாவில் 1975 வரை இது நடந்தது. விலங்குகளைக் காக்க ஏற்பட்ட பூங்காக்களிலும் காவலர்களே சுட்ட காலம் உண்டு.

விளைவு? ஒரு காலத்தில் 39 நாடுகளில் ஓடித் திரிந்த இனம் பெரும்பாலான நாடுகளிலிருந்து மறைந்து போனது. 2012-இல் செய்த மதிப்பீட்டின்படி, ஆப்பிரிக்காக் கண்டம் முழுவதும் சேர்த்து ஏறக்குறைய 6,600 நாய்கள். அவற்றில் குட்டி போட்டு இனம் பெருக்கக்கூடிய முதிர்ந்தவை 1,400 மட்டுமே.

பசியும் ஒரு சுருக்குக் கம்பியும்

துப்பாக்கி ஓய்ந்தது. ஆனால் ஆபத்து ஓயவில்லை. இன்று ஹ்வாங்கே பகுதியில் இந்த நாயின் பெரிய எமன் ஒரு முழக் கம்பி.

வேலியிலிருந்து அறுத்த கம்பியைச் சுருக்குப் போட்டு, மான் நடக்கும் தடத்தில் மரத்தோடு கட்டி வைப்பார்கள். மான் தலையை விட்டால் இறுகிக் கொள்ளும். அன்றைக்கு அந்த வீட்டில் கறி. அதே தடத்தில் மானைத் துரத்தி வரும் நாயின் கழுத்திலும் அந்தச் சுருக்கு விழும். நாயைப் பிடிக்க யாரும் கண்ணி வைக்கவில்லை. அதன் இறைச்சி யாருக்கும் வேண்டியதில்லை. வீணான சாவு அது. கம்பியை அறுத்துக் கொண்டு தப்பியவையும் நாளுக்கு நாள் கழுத்தறுபட்டு அணுஅணுவாகச் சாகும்.

கண்ணி வைத்தவனைக் கொடியவன் என்று நாம் சொல்லிவிட முடியுமா? சிம்பாப்வேயில் விலைவாசி ஏறிய வேகம் உலகம் அறிந்தது. 2009-இல் நூறு டிரில்லியன் டாலர் என்று ஒரே தாளில் அச்சடித்தார்கள். ஒன்று போட்டுப் பக்கத்தில் பதினான்கு சுழியம்! அத்தனை சுழியத்துக்கும் ஒரு கூடைச் சாமான் வாங்க முடியாத காலம் அது. 2024-இல் மழை பொய்த்து, சோளம் கருகி, வறட்சியைத் தேசியப் பேரிடர் என்று அரசாங்கம் அறிவித்தது. பிள்ளை பசியோடு அழும்போது, காட்டில் மான் ஓடுவதைப் பார்த்துக் கொண்டு சும்மா இருக்க எத்தனை பேரால் முடியும்?

ஆக, ஒரு பக்கம் தன் பிள்ளைக்குச் சோறு தேடும் ஒரு தகப்பன். மறுபக்கம் தன் கூட்டத்துப் பிள்ளைக்கு இறைச்சி தேடும் ஒரு நாய். இரண்டுக்கும் நடுவில் அந்தக் கம்பி.

ஒரு நாய் போனால் ஒரு நாய்தானே என்று கேட்கலாம். அங்கேதான் சங்கடம். ஹ்வாங்கே நாய்களைக் கவனித்த ஆராய்ச்சியாளர்கள் 2002-இல் ஓர் உண்மையை எடுத்துச் சொன்னார்கள். கூட்டத்தில் பெரிய நாய்கள் ஐந்துக்குக் கீழே குறைந்தால் குடும்பம் தள்ளாடத் தொடங்குகிறது. ஆயாவாக ஒன்றை விட்டுப் போனால் வேட்டைக்கு ஆள் போதாது. எல்லாம் வேட்டைக்குப் போனால் குட்டிகளைக் கழுதைப்புலி கொண்டு போகும். ஐந்து நான்கானால் நான்கும் தப்புவது கடினம். ஒரு சுருக்கு ஒரு குடும்பத்தையே கலைத்துவிடக் கூடும் என்பது இதனால்தான்.

கம்பி பொறுக்கும் கைகள்

1980-களின் இறுதியில் இந்த வட்டாரத்தில் நாய்களைப் பற்றிய ஆராய்ச்சி தொடங்கியது. அதைத் தொடர்ந்து நடத்திய கிரெக் ராஸ்முசன் என்பவர் அதைப் ‘பெயிண்டட் டாக் கன்சர்வேஷன்’ என்ற பாதுகாப்பு அமைப்பாக வளர்த்தார். ‘காட்டு நாய்’ என்ற பெயரே இதற்குப் பகை என்று கண்டு, ‘வண்ண நாய்’ என்று ஊரெல்லாம் சொல்ல வைத்தார். பெயர் மாறினால் பார்வை மாறும் அல்லவா?

இந்த அமைப்பு பக்கத்துக் கிராமத்து ஆட்களையே சம்பளத்துக்கு வைத்துக் கொண்டது. அவர்கள் நாள்தோறும் காட்டில் நடந்து கண்ணிகளைத் தேடி அறுக்கிறார்கள். இதுவரை அறுத்தவை ஆயிரக்கணக்கில். நாய்களுக்குக் கழுத்துப்பட்டை கட்டுகிறார்கள். கம்பி கழுத்தில் இறங்கி இறுகாமல் தடுக்கும் கொக்கிகள் சில பட்டைகளில் உண்டு. நெடுஞ்சாலையில் லோரி விளக்கு பட்டால் பளிச்சென்று மின்னும் பட்டைகளும் உண்டு, இரவில் அடிபட்டுச் சாகும் நாய்கள் அங்கே அதிகம் என்பதால். காயம்பட்ட நாய்களை வைத்துக் குணமாக்கிக் காட்டுக்குத் திருப்பி அனுப்ப ஒரு மருத்துவக் கூடமும் இருக்கிறது.

அறுத்த கம்பியை என்ன செய்வது? வீசினால் மறுபடி கண்ணியாகும். கிராமத்துக் கலைஞர்களிடம் கொடுத்தார்கள். அவர்கள் அந்தக் கம்பியை வளைத்து முறுக்கி, காது விரிந்த வண்ண நாய்ப் பொம்மைகளாக்கி விற்கிறார்கள். கொன்ற கம்பி சோறு போடும் கம்பியாகிறது! கறிக்குப் பதில் காய்கறியாவது கிடைக்கட்டும் என்று கிராமங்களில் பொதுத் தோட்டங்கள் போடவும் உதவுகிறார்கள். பசியை விட்டுவிட்டுக் கண்ணியை மட்டும் அறுத்தால் பலன் நிலைக்காது என்பது அவர்களுக்குத் தெரியும்.

பிள்ளைகள் பார்த்த நாய்

இத்தனைக்கும் மேலாக அவர்கள் நம்பியிருப்பது பள்ளிப் பிள்ளைகளைத்தான்.

காட்டின் விளிம்பிலேயே பிறந்தும், வண்ண நாயை ஒரு தரமாவது கண்ணால் பார்த்த பிள்ளைகள் மிகக் குறைவு. பூங்காவுக்குள் ஜீப்பில் போகிறவர்கள் வெளிநாட்டுப் பயணிகள்தாம். பிள்ளைகள் கேட்டதெல்லாம் தாத்தா சொன்ன கதை, ‘அது ஆட்டைத் திருடும் பேய்’ என்று.

அதற்காகக் காட்டு ஓரத்தில் ஒரு முகாம் கட்டினார்கள். சுற்று வட்டாரத் தொடக்கப் பள்ளிகளிலிருந்து ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தொகுதி தொகுதியாக வந்து சில நாள் தங்குகிறார்கள். சாப்பாடும் படுக்கையும் இலவசம். கால்தடம் பார்க்கப் பழக்குகிறார்கள். யார் யாரைத் தின்று வாழ்கிறார்கள் என்று விளையாட்டாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். பிறகு, குணமாகிக் கொண்டிருக்கும் நாய்களை நேரில் காட்டுகிறார்கள். பேய் என்று கேட்ட ஒன்றை முதன்முதலாகப் பிள்ளை பார்க்கிறது. கழுத்தில் கம்பி அறுத்த வடுவையும் பார்க்கிறது.

ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இப்படி வந்து போயிருக்கிறார்கள். முதலில் வந்தவர்கள் இன்று பெரியவர்கள். முகாமோடு நின்றுவிடாமல் பள்ளிகளில் பாதுகாப்புக் கழகங்களும் நடக்கின்றன.

அரசாங்கம் போட்ட சட்டம் காட்டின் வேலி வரைதான் வரும். பிள்ளை கேட்கும் கேள்வி வீட்டு அடுப்படி வரை வரும். “அப்பா, இந்தக் கம்பி எதற்கு?” என்று மகள் கேட்டால், எந்தத் தகப்பனுக்கும் கை கொஞ்சம் தயங்கத்தான் செய்யும்.

நம் காட்டிலும் அதே கம்பி

பார்த்துவிட்டோம், திரும்புவோமா? திரும்பும் வழியில் நம்மூரையும் கொஞ்சம் பார்ப்போம்.

வண்ண நாய்க்கு நம் நாட்டில் ஓர் உறவு உண்டு. செந்நாய். தாமான் நெகாராக் காட்டில் இன்னமும் இருக்கிறது. அதுவும் கூட்டமாக வாழ்வது, அதுவும் அழிவின் விளிம்பில் இருப்பது. நம் நாட்டின் இலச்சினையில் கம்பீரமாக நிற்கும் புலியின் கதி என்ன? 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியக் கணக்கெடுப்பில், தீபகற்பக் காடுகளில் 150-க்கும் குறைவான புலிகளே எஞ்சியிருப்பதாகத் தெரிந்தது. அவற்றைக் கொல்வதில் முன் நிற்பது எது? அதே சுருக்குக் கம்பிதான்.

தோட்டத்து எல்லையில், பால்மரக்காடும் செம்பனையும் முடிந்து பெருங்காடு தொடங்கும் இடத்தில், காட்டுப்பன்றிக்குச் சுருக்குப் போடும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. பயிரைக் காப்பாற்ற என்பார்கள், ஒரு நாள் கறிக்கு என்பார்கள். பன்றிக்கு வைத்த சுருக்குக்குப் புலி எது, மான் எது, தேவாங்கு எது என்று தெரியாது. கண்ணி வைப்பது நம் நாட்டுச் சட்டப்படியும் குற்றம். அப்படி ஒன்றைக் கண்டால் வனவிலங்கு இலாகாவான பெர்ஹிலித்தானிடம் சொல்லிவிட வேண்டும். அதில் மிருகம் சிக்கியிருந்தால் நாமே அவிழ்க்கப் போகக் கூடாது. வலியில் துடிக்கும் மிருகம் உதவ வந்தவரையும் பாயும்.

வீட்டு நாய் வளர்ப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. தான்சானியாவின் செரெங்கெட்டி வெளியில் ஆராய்ச்சியாளர்கள் கவனித்து வந்த வண்ண நாய்க் கூட்டங்கள் 1991-க்குள் மறைந்து போயின. வெறிநோயால் மாண்டவை அவற்றில் இருந்தது பரிசோதனையில் தெரிந்தது. அந்த நோய் வீட்டு நாய்களிடமிருந்து காட்டுக்குப் போகக் கூடியது. நம் நாட்டிலும் 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும் 2017-இல் சரவாக்கிலும் வெறிநாய் நோய் தலைகாட்டியது. வீட்டு நாய்க்கு ஊசி போடுவது நம் பிள்ளையையும் காக்கும், காட்டையும் காக்கும்.

நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. மொசாம்பிக் நாட்டின் கொரொங்கோசாப் பூங்காவில், 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போருக்குப் பிறகு வண்ண நாய்களே இல்லை. 2018-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து 14 நாய்களைக் கொண்டு வந்து விட்டார்கள். அவை அங்கேயே குட்டி போட்டுப் பெருகின. மூன்று ஆண்டு கழித்து மலாவி நாட்டுக் காடுகளில் விடுவதற்கு அங்கிருந்தே நாய்களை அனுப்பும் அளவுக்கு நிலைமை தேறியது. மனிதன் கையை எடுத்துக் கொண்டால் இயற்கை தன் வீட்டைத் தானே கட்டிக் கொள்கிறது.

இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, உங்கள் பிள்ளைகளுக்கு இந்த நாயின் கதையைச் சொல்லுங்கள். கால் ஒடிந்ததற்கும் பங்கு வைக்கும் ஒரு கூட்டம், குட்டி தின்ற பிறகு தான் தின்னும் ஒரு கூட்டம் உலகத்தில் இருக்கிறது என்று சொல்லுங்கள். கேட்டுவிட்டு அவர்கள் என்ன கேள்வி கேட்கிறார்கள் என்று பாருங்கள். தேத்தேயில் மாற்றம் தொடங்கியது அப்படி ஒரு கேள்வியில்தான்.